விளையாட்டுக்குள் கணக்கு எங்கே இருக்கிறது?

கேள்வி இதுதான்: தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 4, 5ஆம் வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியை. பாதிப் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை. விளையாட்டு மூலம் சொல்லித்தர நினைக்கிறார். செயலி ஏதாவது வாங்கலாமா, நாமே தயாரிக்கலாமா, எப்படித் தயாரிப்பது என்று கேட்டிருக்கிறார். "பிள்ளைங்க ஜாலியா விளையாடிட்டுப் போயிடும், பரீட்சையில ஒண்ணும் நிக்காது" என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்களாம். அது உண்மையா என்பது கடைசிக் கேள்வி.

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன் டீச்சர். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தில்லியில் 214 முன்பருவப் பள்ளிகளில் 1,540 குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2017இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கி, பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் இருந்த குழு அது. குழந்தைகள் நான்கு மாதம் கணக்கு விளையாட்டுகள் விளையாடினார்கள். எந்தக் கூட்டத்தில் புள்ளி அதிகம், எந்த வடிவம் மற்றவற்றோடு சேராது என்கிற மாதிரியான விளையாட்டுகள். குழந்தைகளின் எண்ணுணர்வு நன்றாகவே வளர்ந்தது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வளர்ச்சி இருந்தது. ஆனால் முதல் வகுப்புக்குப் போனதும், பள்ளிக் கணக்கில் மற்றப் பிள்ளைகளைவிட அவர்கள் முந்தவில்லை.

இதை வைத்து விளையாட்டே வீண் என்று சொல்லிவிட முடியாது. விளையாட்டில் கற்றது ஒரு பக்கம் நின்றது, பலகையில் எழுதும் எண்ணும் குறியும் இன்னொரு பக்கம் நின்றன, இரண்டையும் யாரும் சேர்த்துக் கட்டவில்லை என்றுதான் நான் படிக்கிறேன். நம் ஊரிலேயே இதைப் பார்க்கலாம். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் அப்பாவோடு நிற்கிற பையனிடம் கிலோ 18 ரூபாய்க்கு மூன்றரைக் கிலோ வாங்கி நூறு ரூபாயை நீட்டுங்கள். யோசிக்காமல் 37 ரூபாயைத் திருப்பித் தருவான். அதே பையன் வகுப்பில் 100-க்குக் கீழே 63-ஐ எழுதிக் கழிக்கச் சொன்னால் 163 என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பான். மேலே பூஜ்ஜியம், கீழே 3. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து 3 என்று போடுகிறான். அடுத்த இடத்தில் 6. மிச்சம் இருக்கிற 1-ஐ அப்படியே இறக்கிவிடுகிறான். நூறிலிருந்து எடுத்த பிறகு நூற்று அறுபத்து மூன்று எப்படி மிஞ்சும் என்ற கேள்வியே அவனுக்கு எழவில்லை. நோட்டில் இருப்பது பணமும் இல்லை, தக்காளியும் இல்லை, வாத்தியார் கேட்கிற ஏதோ ஒன்று. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தையில் வேலை பார்க்கிற பிள்ளைகளிடம் இதையே ஆராய்ந்து 2025இல் 'நேச்சர்' இதழில் எழுதியிருக்கிறார்கள். சந்தைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு ஏட்டுக் கணக்கு வரவில்லை, பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு தடுமாறியது.

ஆகவே ஒரு கல்வி விளையாட்டுக்கு இரண்டு பாதி உண்டு. விளையாடும்போது காயை நகர்த்துகிற அந்தச் செயலே கணக்காக இருக்க வேண்டும். அந்தச் செயலை அப்போதே சிலேட்டில் எண்ணாக எழுதவும் வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் முதல் பாதி தப்பாக நடக்கிறது, இரண்டாவது பாதி நடப்பதே இல்லை.

முதல் பாதிக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பாடத்தைக் கழற்றி எடுத்துவிடுங்கள். விளையாட்டு அப்படியே ஓடுகிறதா? ஓடினால் அது பாடத்துக்கான விளையாட்டு இல்லை. பரமபத அட்டையை வைத்து, "ஏழெட்டு எவ்வளவு? சொன்னாத்தான் காய் நகரும்" என்று விளையாடுவது எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஏழெட்டைத் தூக்கிவிட்டாலும் பாம்பும் ஏணியும் அதுபாட்டுக்கு இருக்கும். குழந்தையைப் பொறுத்தவரை கேள்வி ஒரு தடுப்பு, அதைத் தாண்டினால்தான் விளையாட்டு. தெரிந்த பிள்ளை தாண்டிப் போகும். தெரியாத பிள்ளை நின்ற இடத்திலேயே நின்று, தனக்குத் தெரியாது என்பதை நாலு பேர் எதிரில் காட்டிக்கொண்டிருக்கும்.

இங்கிலாந்தில் ஹாப்குட், ஐன்ஸ்வொர்த் என்ற இருவர் இதை நேராகவே சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். ஒரே கணினி விளையாட்டை இரண்டு விதமாகச் செய்தார்கள். ஒன்றில், எதிரியின் மார்பில் ஓர் எண் இருக்கும், அதை மீதியில்லாமல் வகுக்கிற ஆயுதத்தை எடுத்தால்தான் வீழ்த்த முடியும். மற்றதில் சண்டை தனி, வகுத்தல் கேள்விகள் கட்டத்துக்குக் கட்டம் நடுவில் தனி. கணக்கு சண்டைக்குள்ளேயே இருந்த விளையாட்டில் பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். எதை வேண்டுமானாலும் விளையாடலாம் என்று விட்டபோது அதற்குத்தான் ஏழு மடங்கு நேரம் செலவழித்தார்கள்.

செயலி வாங்கலாமா என்ற கேள்விக்கும் இதுவே அளவுகோல். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை கேள்வி, சரி, நட்சத்திரம், டிங் என்கிற வகை. அதைப் பயிற்சித்தாளாகப் பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் கழித்தல் புரியாத பிள்ளைக்கு அது புரிய வைக்காது. முப்பது பிள்ளைக்கு ஒரு போனோ ஒரு ஸ்மார்ட் போர்டோ இருக்கிற இடத்தில் ஒரு குழந்தையின் கைக்கு அது எத்தனை நிமிடம் வரும் என்றும் பாருங்கள். இப்போதைக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

சரி, கழித்தலுக்கு வருவோம். உங்களுக்குத் தேவையானது புளியங்கொட்டை. மாசி, பங்குனியில் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் புளி தட்டாத தெரு குறைவு. கேட்டால் பை நிறையத் தருவார்கள். கூடவே தீப்பெட்டி அல்லது சின்ன பிளாஸ்டிக் கவர், நாலைந்து மஞ்சப்பை. பத்துக் கொட்டை ஒரு பெட்டி. பத்துப் பெட்டி ஒரு பை. ஐந்தாம் வகுப்புக்குப் பத்துப் பை ஒரு சாக்கு.

நான்கு பேர் ஒரு குழு. மூவர் ஆடுவார்கள், ஒருவர் பேங்க். முதல் வாரம் சேர்க்கும் ஆட்டம் மட்டும். பரமபதத்துக்கு உருட்டுகிற ஆறு பக்கப் பகடை இரண்டை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்குப் பேங்க்கிலிருந்து கொட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே சட்டம்தான்: உன் முறை முடியும்போது உன் முன்னால் பத்து உதிரிக் கொட்டை இருக்கக் கூடாது. பத்து சேர்ந்தால் பெட்டியில் போட்டு மூட வேண்டும். முதலில் ஒரு முழுப் பை சேர்த்தவர் ஜெயித்தார். இது அவர்களுக்கு மிகச் சுலபமாகத் தோன்றும், தோன்றட்டும். பத்து உதிரியும் ஒரு பெட்டியும் ஒன்றே என்பது கைக்குப் பழக வேண்டும்.

இரண்டாவது வாரம் ஆட்டத்தைத் திருப்புங்கள். ஆளுக்கொரு பை, அதாவது நூறு. உருட்டி விழுவதைப் பேங்க்கில் கட்ட வேண்டும். முதலில் பையைக் காலி செய்தவர் ஜெயித்தார். எட்டு விழுகிறது. கையில் உதிரி ஒன்றுகூட இல்லை. பையை அவிழ்த்தால் பத்துப் பெட்டி. ஒரு பெட்டியைத் திறந்தால்தான் கொட்டை. எட்டைக் கொடுத்தபின் ஒன்பது பெட்டியும் இரண்டு கொட்டையும் மிச்சம், 92. இந்த இடத்தில் நீங்கள் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சில பிள்ளைகள் முழிப்பார்கள். "டீச்சர், சில்லறை இல்லை" என்று ஒருவன் சொல்வான். பெட்டியைத் திறக்கலாமா என்று இன்னொருத்தி கேட்பாள். அந்தக் கேள்வியை அவர்களே கேட்கும்வரை காத்திருங்கள். அடித்தல் திருத்தலாகப் பலகையில் நாம் எழுதிக் காட்டுகிற அந்த 9-ம் 10-ம் எங்கிருந்து வருகின்றன என்பது அங்கேதான் கண்ணில் தெரிகிறது.

மூன்றாவது வாரம்தான் சிலேட்டு வரும். இதுதான் நான் சொன்ன இரண்டாவது பாதி, இதை விடவே கூடாது. பெட்டியைத் திறக்கும்போதே சிலேட்டில் பத்தாம் இடத்து எண்ணை அடித்து ஒன்று குறைக்க வேண்டும், ஒன்றாம் இடத்தில் பத்து கூட்டி எழுத வேண்டும். கையும் எழுத்தும் ஒரே நேரத்தில் போக வேண்டும். முதலில் கொட்டையை எல்லாம் எடுத்து முடித்துவிட்டு அப்புறம் மொத்தமாக எழுதினால் பலன் பாதிதான். பேங்க்காக இருக்கிற பிள்ளை சிலேட்டையும் கொட்டையையும் ஒப்பிட்டுச் சரி பார்க்கும். ஒத்துப் போகவில்லை என்றால் கொட்டையைக் கட்ட முடியாது. இதில் ஒரு நன்மை, தப்பைக் கண்டுபிடிப்பது நீங்கள் இல்லை, கொட்டை.

அதன் பிறகு கொட்டையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள். முதலில் எழுத வேண்டும், பிறகு துண்டை விலக்கிச் செய்து பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் 302 - 178 கொடுங்கள். நடுவில் பூஜ்ஜியம் இருக்கும் கழித்தல்தான் பிள்ளைகளை அதிகம் கவிழ்க்கிறது. மூன்று பை, பெட்டி இல்லை, இரண்டு கொட்டை. எட்டுக் கொட்டை வேண்டும். திறக்கப் பெட்டி இல்லை. அதனால் பையை அவிழ்க்க வேண்டும்: இரண்டு பை, பத்துப் பெட்டி. அதில் ஒரு பெட்டியைத் திறந்தால் ஒன்பது பெட்டி, பன்னிரண்டு கொட்டை. எட்டு போனால் நாலு, ஏழு பெட்டி போனால் இரண்டு, ஒரு பை போனால் ஒன்று. விடை 124. பையை நேராகக் கொட்டையாக மாற்றப் பார்க்கிற பிள்ளை இருக்கும். மாற்றட்டும். நூறு கொட்டையை எண்ணி முடிக்கும்போது அதற்கே தெரிந்துவிடும்.

ரூபாய் நோட்டை வைத்துச் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் கொட்டைக்குப் பிறகு. பத்து ரூபாய் நோட்டுக்குள் பத்து ஒரு ரூபாய் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, தீப்பெட்டிக்குள் பத்துக் கொட்டை இருப்பது தெரியும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நான்காம் வகுப்புக்கு நூறு, ஐந்தாம் வகுப்புக்கு ஆயிரம் என்று தொடக்கத்தை மட்டும் மாற்றினால் இரண்டு வகுப்பும் ஒரே ஆட்டத்தை ஆடும். சித்தேரி, வத்தல்மலை மாதிரியான மலைப் பக்கத்துப் பள்ளிகளிலும் ஈராசிரியர் பள்ளிகளிலும் இதுதான் பெரிய வசதி. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றலைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரித்திருக்கிறீர்கள் அல்லவா, அந்தப் பிரிவை இங்கே கலைத்துவிடுங்கள். குழுவுக்கு ஒரு மலர் நிலைப் பிள்ளையை முதலில் பேங்க்காகப் போடலாம், ஆனால் நிரந்தரமாக அல்ல. ஒரே பிள்ளை எப்போதும் பேங்க்காக இருந்தால் மற்றவர்கள் அதையே நம்பி எண்ணுவதை விட்டுவிடுவார்கள். அரும்பு நிலைப் பிள்ளை பேங்க்காக உட்காரும் நாள் வர வேண்டும்.

அதிர்ஷ்டமும் திறமையும் எவ்வளவு கலக்க வேண்டும் என்பது அடுத்த விஷயம். முழுக்கத் திறமை என்றால் அதே இரண்டு பேர் தினமும் ஜெயிப்பார்கள், மற்றவர்கள் மூன்றாம் நாளே கவனத்தை எடுத்துவிடுவார்கள். முழுக்க அதிர்ஷ்டம் என்றால் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. எண்ணைத் தருவது அதிர்ஷ்டமாகவும், அதை எங்கே வைப்பது என்ற முடிவு பிள்ளையுடையதாகவும் இருக்க வேண்டும். இதற்கு நான் எப்போதும் சொல்லும் ஆட்டம் 'பெரிய எண்'. பழைய தினசரி காலண்டரில் பெரிதாக அச்சிட்ட எண்களை வெட்டி 0 முதல் 9 வரை அட்டையில் ஒட்டுங்கள். ஒவ்வொருவரும் சிலேட்டில் மூன்று கட்டம் போட வேண்டும்: நூறு, பத்து, ஒன்று. நீங்கள் ஓர் அட்டையை எடுத்துக் காட்டுவீர்கள். உடனே ஏதாவது ஒரு கட்டத்தில் எழுத வேண்டும், எழுதியதை அழிக்கக் கூடாது. மூன்று அட்டை முடிந்ததும் யாருடைய எண் பெரியது என்று பார்க்க வேண்டும். முதல் அட்டை 9 என்றால் யோசனையே இல்லை. 4 என்றால்? மிச்சம் ஒன்பது அட்டையில் நாலைவிடப் பெரியவை ஐந்து, சிறியவை நான்கு. நூறில் போட்டால் அடுத்து 8 வரும்போது வயிறெரியும். ஒன்றில் போட்டால் 0-ம் 2-ம் வந்து தொலையும். பெரும்பாலான பிள்ளைகள் சில ஆட்டத்தில் தாமாகவே நடுக் கட்டத்துக்கு வந்துவிடுவார்கள். ஏன் அங்கே போட்டாய் என்று மட்டும் கேளுங்கள். "நூறுல போட்டா வேஸ்ட் ஆயிடும் டீச்சர்" என்று வருகிற பதிலில் இடமதிப்பு முழுவதும் இருக்கிறது. செலவு ஒன்றுமில்லை, ஐந்தே நிமிடம், முப்பது பேரும் ஒரே நேரத்தில் ஆடலாம்.

எண்வரிசையே தடுமாறுகிற பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களை இடமதிப்புக்கு இழுக்காதீர்கள். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துச் சிறு குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2008இல் வந்தது. ஒன்று முதல் பத்து வரை ஒரே நேர்கோட்டில் கட்டம் போட்ட அட்டை, காயை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். சில நாளில் மொத்தம் ஒரு மணி நேரம் போல விளையாடியதிலேயே எண்ணறிவு கூடியது. எண்ணுக்குப் பதில் வண்ணம் இருந்த அட்டையில் விளையாடியவர்களுக்குக் கூடவில்லை. அடுத்த ஆண்டு அதையே வட்டமாகப் போட்டுப் பார்த்தார்கள், அதுவும் நேர்கோட்டின் அளவுக்கு உதவவில்லை. எண்கள் ஒரு கோட்டில் சீராக வளர்ந்து போகின்றன என்ற உணர்வைக் கோடே தந்துவிடுகிறது.

பள்ளி வராண்டாவில் சாக்பீஸால் அந்தக் கோட்டைப் போடலாம், பிள்ளையே காயாக நடக்கலாம். ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. 5இல் நிற்கிற பிள்ளைக்கு 3 விழுந்தால் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி நடக்கும். அப்படி விடாதீர்கள். "ஆறு, ஏழு, எட்டு" என்று சொல்லித்தான் நடக்க வேண்டும். லாஸ்கியும் சீக்லரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் இந்த ஒரே வித்தியாசம்தான் கற்றலைத் தீர்மானித்தது. கட்டத்தில் எழுதிய எண்ணைச் சொல்லி நகர்ந்தவர்கள் கற்றார்கள், ஒன்றிலிருந்து எண்ணி நகர்ந்தவர்களுக்குப் பெரிய பயனில்லை. அட்டை ஒன்றுதான், காய் ஒன்றுதான், வாய் சொல்வது மட்டும் வேறு. இதே காரணத்தால் நூறு கட்டப் பரமபதத்தைக் கணக்குக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் வரிசைகளை வளைந்து வளைந்து போக விடாமல், எல்லா வரிசையும் இடமிருந்து வலம் போகும்படி எழுதிக்கொள்ளுங்கள். 34-க்கு நேர் மேலே 44 வரும். பத்தைக் கூட்டுவது ஒரு படி ஏறுவதாகிவிடும்.

நம் பழைய விளையாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசிரியர் பயிற்சிகளில் எல்லாரும் பல்லாங்குழியையும் ஆடு புலி ஆட்டத்தையும் அவற்றால் கணக்கு தானாக வந்துவிடும் என்பது போலப் பேசுகிறார்கள். வராது. பதினைந்து ஆடு, மூன்று புலி, இருபத்து மூன்று இடம், அருமையான யோசனை விளையாட்டு. அதைப் பிள்ளைகள் ஆட வேண்டும், அழிந்துபோகவும் கூடாது. ஆனால் அதில் நன்றாக ஆடுவதால் கழித்தல் வரும் என்று நினைப்பதற்கு ஆதாரமில்லை. இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் சதுரங்கம் சொல்லிக்கொடுத்து, ஒரு வருடம் கழித்துக் கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது, வித்தியாசம் இல்லை. சதுரங்கம் சதுரங்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. ஆடு புலியும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அதை அதன் சந்தோஷத்துக்காகவே ஆட விடுங்கள்.

பல்லாங்குழியைக் கொஞ்சம் திருத்தினால் கணக்குக்குள் கொண்டுவரலாம். குழியிலிருந்து முத்தை அள்ளுவதற்கு முன்னால், கடைசி முத்து எந்தக் குழியில் விழும் என்று சொல்ல வேண்டும். சொன்னபடி விழுந்தால் ஒரு முத்து கூடுதல். இந்த ஒரு சட்டம் சேர்ந்ததும் போட்டுக்கொண்டே போகிற ஆட்டம் கணக்குப் போட்டுவிட்டுப் போடுகிற ஆட்டமாகிறது. பதினாலு குழிக்கு மேல் போனால் என்ன ஆகும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்கும்போது வகுத்தல் மீதி வந்துவிட்டது.

கணக்குக்கு வெளியே ஒரே ஓர் ஆட்டம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. நிலத்தடி நீர். ஒரு சட்டியில் முப்பது கொட்டை, அது ஊர்க் கிணறு. சட்டியின் கொள்ளளவும் அதுதான். சுற்றி ஐந்து விவசாயிகள். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒன்று முதல் மூன்று கொட்டை எடுக்கலாம். எத்தனை என்பதை விரலை மூடி வைத்து ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். சுற்று முடிந்ததும் மழை எட்டுக் கொட்டையைச் சட்டியில் போடும். எல்லாரும் மூன்று மூன்றாக எடுத்தால் முப்பது பதினைந்தாகி, மழையோடு இருபத்து மூன்றாகும். அடுத்து எட்டாகிப் பதினாறாகும். அதற்கடுத்து ஒன்றாகி ஒன்பதாகும். நான்காவது சுற்றில் கிணறு வற்றிவிடும். சண்டை வரும், நன்றாக வரட்டும். இரண்டாவது ஆட்டத்தில் ஆரம்பிப்பதற்கு முன் பேசிக்கொள்ள இரண்டு நிமிடம் கொடுங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சட்டம் சேர்க்கலாம். சட்டியில் பத்துக்குக் கீழே போனால் எடுக்கிற கொட்டை எல்லாம் சாயம் தடவிய கொட்டை. அதுதான் ஃப்ளோரைடு. பாறையோடு நெடுநாள் கிடக்கிற தண்ணீரில் அது கரைந்து சேர்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க உகந்ததில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாயில் எதற்காக வந்தது என்பது இந்தப் பிள்ளைகளின் வீட்டுக் குழாயிலேயே இருக்கிற பாடம். தாத்தாவின் பல்லில் இருக்கும் பழுப்புக் கறையைப் பற்றி ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் பேசும்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஆட்டம் எதை விட்டுவிட்டது? நிஜத்தில் மழை சுற்றுக்கு எட்டு என்று பெய்வதில்லை. ஐந்து பேருக்கும் நிலம் ஒரே அளவில்லை. ஆயிரம் அடி போர் போடக் காசு இருப்பவர் ஒருவர், இல்லாதவர் நால்வர். ஏரி தூர்ந்தது ஆட்டத்தில் இல்லை. ஒரு விளையாட்டின் சட்டங்கள் உலகம் இப்படித்தான் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்லிவிடுகின்றன, பிள்ளைகள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே சமூக அறிவியலுக்கும் அறிவியலுக்கும் விளையாட்டு செய்யும்போது இந்தக் கேள்வி கட்டாயம். பிறகு பிள்ளைகளையே சட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். அவர்கள் எழுதுகிற புதிய சட்டம்தான் அவர்களுக்கு என்ன புரிந்தது என்பதைக் காட்டும்.

தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பேச்சு வர என்ன ஆட்டம் என்று கேட்பதுண்டு, அதையும் சேர்த்துவிடுகிறேன். இரண்டு பேர் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். இருவரிடமும் அதே ஆறு பொருள். ஒருத்தி தன் பொருள்களை இஷ்டப்படி அடுக்கிவிட்டு வாயாலேயே சொல்ல வேண்டும்: மூடிக்கு மேலே கல், கல்லுக்கு வலது பக்கம் இலை. கேட்பவள் அதே மாதிரி அடுக்க வேண்டும். பேசாமல் ஜெயிக்கவே முடியாது, அதனால்தான் வேலை செய்கிறது.

வகுப்பை நடத்துவதில் சில விஷயங்கள். தோற்றவர் வெளியே என்ற ஆட்டத்தை வகுப்புக்குள் விடாதீர்கள். முதலில் வெளியே போகிற பிள்ளைக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை. ஒரு அட்டையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள், அது விளையாட்டு நேரம் இல்லை. நிலத்தடி நீர் ஆட்டத்தைத் தவிர மற்றவற்றில் நான்கு பேருக்கு மேல் ஒரு குழு வேண்டாம். நாற்பது நிமிடப் பீரியடில் ஆட்டம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கடைசிப் பத்து நிமிடம் எழுத்துக்கும் பேச்சுக்கும். மணி அடிக்கும்வரை ஆடிவிட்டு எழுந்து போகிற வகுப்பைப் பற்றித்தான் உங்கள் சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

பரிசு வேண்டாம். பென்சில், சாக்லேட், ஸ்டார் எதுவும் வேண்டாம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், தாமாக விரும்பிப் படம் வரைகிற சிறு குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தக் குழந்தைகள் முன்னைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதுவும் சொல்லாமல் வரைந்தவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. ஜெயிப்பதே போதுமான ருசி, அதற்கு மேல் நாம் எதையும் தடவ வேண்டியதில்லை.

புது ஆட்டம் செய்தால் முப்பது பேரிடம் நேராகக் கொண்டுபோகாதீர்கள். மதிய உணவுக்குப் பிறகு நான்கு பேரை மட்டும் உட்கார வைத்து, சட்டத்தை ஒரே முறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். எங்கே சண்டை வருகிறதோ அங்கே சட்டம் தெளிவாக இல்லை. எங்கே கொட்டாவி வருகிறதோ அங்கே காத்திருப்பு அதிகம். எங்கே குறுக்கு வழி கண்டுபிடிக்கிறார்களோ, அங்கே கணக்குப் போடாமலே ஜெயிக்க ஓட்டை இருக்கிறது. இந்தக் கடைசிதான் முக்கியம். ஒரு நேரத்தில் ஒரு சட்டத்தை மட்டும் மாற்றுங்கள்.

பெற்றோர் வந்து "எந்நேரமும் விளையாட்டுதானா?" என்று கேட்டால் சிலேட்டுக் கணக்கு நோட்டுக்கு ஏறியிருக்க வேண்டும். வாரம் ஒரு நாள் கொட்டை இல்லாமல் ஐந்து கழித்தல் கணக்கு எழுத வைத்துத் தேதி போட்டு வையுங்கள். அதில் ஒன்று நடுவில் பூஜ்ஜியம் உள்ளதாக இருக்கட்டும். நான்காவது வாரத்திலும் 163 மாதிரி விடை வந்தால் துண்டால் மூடுகிற கட்டத்துக்குச் சீக்கிரம் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், அந்தப் பிள்ளையை மட்டும் ஒரு படி பின்னால் கொண்டுபோங்கள்.

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் கொட்டையைக் கொடுக்காதீர்கள், மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குச் சோடா மூடி போதும். கொட்டையை வறுத்து வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், வறுத்தால் பிள்ளைகள் தின்றே தீர்த்துவிடுவார்கள். நன்றாக வெயிலில் காயப்போட்டு, வேப்பிலை போட்டு டப்பாவில் மூடி வையுங்கள், வண்டு துளைக்காது. குழுவுக்கு முந்நூற்றைம்பது கொட்டை இருந்தால் மேலே சொன்ன எல்லா ஆட்டமும் ஓடும். ஆயிரத்தில் தொடங்குகிற ஐந்தாம் வகுப்புக் குழுவுக்கு மட்டும் அதிகம் வேண்டும். அதை இந்தப் பங்குனிக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.